காலர் இல்லாத மான்

"கழுத்தில் காலர் இல்லாத மான் எந்த மந்தை?" என்று கேட்டார், கரிபு மான் வேட்டைத் தடையைப் பற்றி நடந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

"வரைபடத்தில் இருக்கும் தடைக் கோட்டுக்குள் நின்றால், பாதுகாக்க வேண்டிய பாத்தர்ஸ்ட் மந்தை என்றுதான் கணக்கு" என்றேன்.

"அதே மான் கோட்டைத் தாண்டி வந்துவிட்டால்?"

"வெளியே வந்துவிட்டால் சுடலாம்."

அவ்வளவுதான் பேச்சு. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் எழுந்து சுரங்கச் சாலையைப் பற்றிக் கேட்க, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. விதி அப்படித்தான், வரைபடமும் அப்படித்தான். பிறகு ஏன் இது இன்னும் உறுத்துகிறது என்று யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் உள்ள யெல்லோநைஃபில், அரசு அலுவலகத்தில் என் வேலை வரைபடம் போடுவது. கரிபு என்பது இந்தப் பனிப் பிரதேசத்தில் மந்தை மந்தையாக இடம்பெயரும் மான். பாத்தர்ஸ்ட் மந்தையில் சில மான்களுக்கு, நம் காடுகளில் யானைக்கு மாட்டுகிற மாதிரி, ரேடியோ காலர் மாட்டியிருக்கிறார்கள். அவை நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக வரும். அந்தப் புள்ளிகளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு ஒரு கோடு. கோட்டுக்குள் யாரும் கரிபு வேட்டையாடக் கூடாது. மான் நகர்ந்தால் கோடும் நகரும். குளிர்காலம் முழுக்கப் புதுப் புது வரைபடம் வந்துகொண்டே இருக்கும். 2015-இல் வந்த ஏற்பாடு இது. ஒரே இடத்தில் நிற்கிற எல்லையில் ஒரு தொல்லை உண்டு: மந்தை ஒரு பக்கம் போயிருக்கும், தடை வேறொரு பக்கம் உட்கார்ந்திருக்கும். அந்த வகையில் நகரும் கோடு நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கோடு வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. 1986-இல் பாத்தர்ஸ்ட் மந்தையில் சுமார் 4,70,000 மான்கள் இருந்தன. 2009-இல் எண்ணியபோது 32,000 சொச்சம். 2018-இல் 8,200. 2021-இல் 6,240. கரிபு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதிலும் பல குட்டிகள் முதல் குளிர்காலத்தைப் பார்ப்பதில்லை. இந்த நிலைமையில் சினையான பெண் மான் ஒன்றைச் சுட்டால் கணக்கு ஒன்றோடு நிற்காது. இதையெல்லாம் அன்றைக்கு அந்தப் பெரியவருக்கு நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு காலத்தில் ஏரிப் பனி தெரியாத அளவுக்கு மான்கள் நின்றதைப் பார்த்த தலைமுறை அவருடையது.

உறுத்துவது அவர் கேட்ட விதம். தெரியாமல் கேட்கவில்லை, அதுதான் விஷயம்.

கரிபு விஷயத்தில் மந்தையின் பெயர் குட்டி போடும் இடத்தை வைத்து வருவது. ஜூன் தொடக்கத்தில் பெண் மான்கள் எந்த இடத்துக்குப் போய்க் குட்டி போடுகின்றனவோ, அதுதான் அவற்றின் மந்தை. பாத்தர்ஸ்ட் மான்கள் பாத்தர்ஸ்ட் இன்லெட் பக்கம் போகும். பக்கத்து மந்தையான பெவர்லி மான்கள் இன்னும் கிழக்கே, குயின் மாட் வளைகுடா ஓரத்துக்குப் போகும். குளிர்காலத்தில் இரண்டும் தெற்கே இறங்கி வந்து சில வருடங்களில் கலந்து நிற்கும். அப்போது தோலைப் பார்த்தோ கொம்பைப் பார்த்தோ எது எந்த மந்தை என்று யாராலும் சொல்ல முடியாது. சரி, காலர் மாட்டிய மானையாவது நம்பலாமா என்றால், 2018-இல் காலர் மாட்டிய 11 பாத்தர்ஸ்ட் பெண் மான்களில் 3 பெவர்லி மான்களோடு கிழக்கே போய்க் குட்டி போட்டன. முந்தைய வருடம் வரை ஒரு மந்தை, அந்த ஜூனில் வேறு மந்தை.

ஆக, அவர் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: "தெரியாது ஐயா. காலர் இல்லாத மான் எந்த மந்தை என்று யாருக்கும் தெரியாது. ஜூனில் அது எங்கே போகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதுவும் அந்த வருடத்துக்குத்தான்."

அதை நான் சொல்லவில்லை. "கணக்கு" என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சொல்லியிருக்க வேண்டுமா? அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாலும் ஒருவேளை அதே பதிலைத்தான் சொல்வேன் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்த அறையில் அவர் மட்டும் இல்லை. பனிச்சாலை திறந்ததும் பிக்கப் வண்டியும் ஸ்னோமொபைலுமாகக் கிளம்பக் காத்திருந்த இளைஞர்களும் இருந்தார்கள். வைரச் சுரங்கங்களுக்குச் சரக்கு கொண்டுபோக, உறைந்த ஏரிகளின் மேல் வருடாவருடம் போடும் சாலை அது. அது இல்லாவிட்டால் மந்தைக்குப் பக்கத்தில் போகவே பல நாள் ஆகும். அந்தச் சாலை ஓரமாக, கோட்டுக்குள் சுட்டுவிட்டு இறைச்சியைப் பாதிக்குமேல் விட்டுவிட்டுப் போன சம்பவங்களை ரோந்து அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எங்களைவிட அதிகமாகக் கொதித்தவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள்தான். அப்படிப்பட்ட அறையில் "எது எந்த மந்தை என்று எங்களுக்கே தெரியாது" என்று வரைபடம் போடுகிறவனே சொன்னால், மறுநாள் கோட்டுக்கு என்ன மரியாதை இருக்கும்?

ஆனால் அவர் ஓட்டை தேடிய ஆள் இல்லை. இங்கேதான் என் நியாயம் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுகிறது.

அவர் வயதுக்காரர்களுக்கு 2010 ஜனவரி நன்றாக நினைவிருக்கும். அரசு அவசரத் தடை போட்டது. இந்தப் பகுதியின் பழங்குடிகளான டேனே மக்கள் எதிர்த்தார்கள். தடையை மீறிச் சிலர் வேட்டைக்கும் போனார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு வருடத்துக்கு 300 மான் என்று ஒரு வரம்பு வந்தது. 2015 முதல் அதுவும் கிட்டத்தட்ட இல்லை என்றாகிவிட்டது. 1921-இல் கனடா அரசோடு பதினொன்றாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட, டேனேக்களில் ஒரு பிரிவான த்லிச்சோ மக்களின் தலைவர் மொன்ஃப்வி, சூரியன் உதிக்கும்வரை, ஆறு ஓடும்வரை, நிலம் நகராதிருக்கும்வரை எங்கள் வாழ்க்கைக்குத் தடை கூடாது என்று கேட்டுக்கொண்டதை இங்கே பள்ளிக் குழந்தைகளும் சொல்வார்கள். நிலம் நகரவில்லை. நான்தான் கோட்டை நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

சட்டப்படி இதற்கும் பதில் இருக்கிறது. 1990-இல் ஸ்பாரோ வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது: பழங்குடி உரிமையை உயிரினப் பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்குப் பிறகு எஞ்சுவதில் முதல் பங்கு அவர்களுடைய உணவுக்குத்தான். அது மீன்பிடி வழக்கு என்றாலும் இங்கே எல்லாக் கூட்டத்திலும் அதன் பெயர் அடிபடும். அந்த வரிசை இங்கே மதிக்கப்பட்டது என்றே சொல்லலாம். பாத்தர்ஸ்ட் மந்தையில் பணம் வாங்கிக்கொண்டு வெளியாட்களைக் கூட்டிப்போகும் வேட்டையும், பழங்குடி அல்லாத உள்ளூர்வாசிகளின் வேட்டையும் 2010-இலேயே நின்றுவிட்டன. ஆனால் மந்தையின் நிலத்தில் வேட்டைக்காரர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? எகாட்டி சுரங்கம் 1998-இல் வந்தது. டயாவிக் 2003-இல், கச்சோ கூயே 2016-இல். சுரங்கத்தைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் வரை கரிபு ஒதுங்கியே போகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. 2014 கோடையில் இந்தப் பிரதேசத்தில் சுமார் 34 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, அதில் குளிர்கால மேய்ச்சல் காடும் உண்டு. கரிபு தின்னும் கற்பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இவற்றில் எதைச் சுற்றியும் நான் நகரும் கோடு வரைந்ததில்லை. வேட்டை ஒன்றைத்தான் ஒரு கையெழுத்தில் நிறுத்த முடியும், அதனால் அதை நிறுத்தினோம் என்று சில சமயம் தோன்றும். சரிவுக்கு வேட்டை முதல் காரணம் என்று எங்கள் அலுவலகத்திலும் யாரும் அழுத்திச் சொன்னதில்லை. ஆனால் மந்தை இவ்வளவு சுருங்கிய பிறகு முதல் காரணம் எது என்ற கேள்விக்கே அர்த்தம் குறைந்துவிடுகிறது என்பதும் உண்மை. இப்படி இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே போகலாம். பேசியிருக்கிறேன், பெரும்பாலும் கார் ஓட்டும்போது எனக்கு நானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது அரசுக்கும் பழங்குடிகளுக்கும் சண்டை என்பது மாதிரி ஆகிவிடும். த்லிச்சோ ஆட்களே கோடைகாலத்தில் கான்ட்வொய்ட்டோ ஏரிக்கரையில் முகாம் போட்டு, நடந்தே மான்களைப் பின்தொடர்ந்து, குட்டிகளையும் ஓநாய்களையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். வேட்டையை நிறுத்துவோம் என்று முதலில் எழுந்து பேசுகிறவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. காலரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். ஹெலிகாப்டரில் துரத்தி வலை வீசிப் பிடித்துக் கழுத்தில் மாட்டுவது மானை அவமதிப்பது, அவமதித்தால் அது திரும்பி வராது என்பார்கள். மானைப் பற்றிச் சண்டை போட்டால் அதன் காதில் விழும் என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் உட்கார்ந்தது என் பதில் போதும் என்பதாலா, மானைப் பற்றி வாதம் வளர்க்க வேண்டாம் என்பதாலா? எனக்கு ஏற்றபடி இரண்டாவதை நம்பிக்கொள்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம்.

அப்புறம் ஒரு நாள், வரைபடத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன்: "இந்தக் கோடு காலர் மாட்டிய மான்களின் இருப்பிடத்தை வைத்து வரையப்பட்டது, கோட்டுக்குள் நிற்கும் எல்லா மானும் பாத்தர்ஸ்ட் மந்தை அல்ல." ரோந்துக்குப் போகும் நண்பர் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"வழக்கு போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்த வரிதான் இருக்கும்" என்றார். அதற்கு நான் தயாராக இருந்தேன். அடுத்ததற்குத் தயாராக இல்லை. "அந்த ஊரில் நீ நேர்மையானவன் என்று பெயர் வாங்க இந்த வரி வேண்டும் உனக்கு. மைனஸ் முப்பதில் சாலையில் நின்று துப்பாக்கிக்காரனிடம் பேசப்போவது நாங்கள்."

கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல நினைப்பது பெயர் வாங்கவா? அதில் கொஞ்சம் அதுவும் இருந்திருக்கலாம். அதனால் அந்த வரி பொய்யாகிவிடாது. ஆனால் அவர் சொன்ன நிலைமையும் பொய்யில்லை. கோடு தெளிவாக இருப்பதால்தான் அவரால் வாக்குவாதம் இல்லாமல் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்ப முடிகிறது. தெளிவு குறைந்தால் ஆளைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டிவரும். அதிகாரிகள் ஆளைப் பார்த்து முடிவு எடுத்த காலத்தை டேனே மக்கள் மறக்கவில்லை.

வரி வரைபடத்தில் ஏறவில்லை. யாராவது கேட்டால் வாயால் சொல்லலாம் என்று முடிவானது. சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன். அதற்குப் பிறகு நான் போன கூட்டங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. இந்த வாரம் கோடு எங்கே போயிருக்கிறது, இருநூறு டாலருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்புவதற்குள் அது மாறிவிடுமா, அதைத்தான் கேட்கிறார்கள்.