உகந்தை அடுப்புச் சாம்பலும் 456 கோடி ஆண்டுக் கல்லும்

ஓகஸ்ட் நடுப்பகுதியில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைக்குப் போனால் பகலில் அலைச்சறுக்கு, இரவில் பெர்சீட் எரிகற்கள். நான் போனது எரிகற்களுக்காக. மறுநாள் உகந்தை முருகன் கோயிலுக்கு ஓட்டோ பிடித்தேன். பாணமை தாண்டியதும் ஒரே குலுக்கல். யானை நின்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டோக்காரக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பார்கள்) பொத்துவில்காரர். "ராவு விழுந்த கல்லெல்லாம் கடலுக்குள்ளயா தம்பி போகும்?"

அது வால்வெள்ளி விட்டுப்போன தூசு, மேலேயே எரிந்துவிடும் என்றேன். நிலத்துக்கு வருபவை பெரும்பாலும் சிறுகோள் துண்டுகள். அப்புறம் வாய் சும்மா இருக்கவில்லை. 1969 பெப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லில் 456 கோடி ஆண்டு வயதான வெள்ளைத் திட்டுகள் உண்டு. அவை உருவானபோது உள்ளே அலுமினியம்-26 என்ற, தானாகச் சிதையும் கதிரியக்க அலுமினியம் இருந்தது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், வெறும் 7 லட்சம் ஆண்டுதான்; அன்று இருந்ததில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

"இல்லாத சாமானை இருந்ததெண்டு எப்பிடிச் சொல்லுற?"

நியாயமான கேள்வி. கோயில் வெளியில் கதிர்காம யாத்திரைக்காரர் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்புகள் கிடந்தன. விறகு இல்லை, சாம்பல் இருந்தது. அதைக் காட்டினேன். அலுமினியம்-26 சிதைந்தால் மக்னீசியம்-26 ஆகும். ஆனால் அது சாதாரண மக்னீசியத்திலும் உண்டு, கண்டுபிடித்தால் மட்டும் போதாது. 1976இல் லீ, பாப்பனஸ்டாசியூ, வாசர்பர்க் என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒரே திட்டிலுள்ள கனிமங்களைத் தனித்தனியே பிரித்து அளந்தார்கள். அலுமினியம் மிகுந்து மக்னீசியம் குறைந்த அனோர்தைட் என்ற கனிமத்தில் மக்னீசியம்-26 கூடுதலாக இருந்தது. மற்றவற்றில் அலுமினிய விகிதம் குறையக் குறைய அந்தக் கூடுதலும் அதே கணக்கில் குறைந்தது. வெளியிலிருந்து வந்து கலந்த மக்னீசியமாக இருந்தால் அலுமினியத்தைத் தேடிப்போய்க் குந்தியிருக்குமா? ஒரு லட்சம் சாதாரண அலுமினிய அணுவுக்கு 5 என்ற அளவில் அலுமினியம்-26 இருந்திருக்கிறது. சிறுகோள்களின் உட்புறத்தை உருக்க, அது சிதையும்போது வரும் சூடே போதும்.

இதற்கு முன்பே, 1960இல், ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி, ரிச்சர்ட்டன் என்ற விண்கல்லிலிருந்த செனான்-129 வாயுவை வைத்து, மறைந்துபோன அயோடின்-129ஐக் காட்டியிருந்தார். எனக்கென்னவோ அலுமினியக் கணக்குத்தான் பிடிக்கும்.

காக்கா அங்கிருந்த மலையைக் காட்டி, "இதுக்கு எத்தின வயசு?" என்றார். கிழக்குக் கரைப் பாறைகள் 100 கோடி ஆண்டு அளவில் என்றேன். "அப்ப இது சின்னப் புள்ளதான்" என்று சிரித்தார்.

குமண பூங்காவின் வாசலும் உகந்தையில்தான். உள்ளே போவதென்றால் ஜீப் வேண்டும். முதல்நாளே பேசி வையுங்கள்.