சித்தப்பா சொன்ன ‘பத்து வருஷம்’

அப்பாவின் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த செலவுக்கான காப்பீட்டுப் பணத்தில் கடைசிப் பகுதி 2025 மே மாதம்தான் வங்கிக்கு வந்தது. ஆபரேஷன் நடந்தது 2024 ஆகஸ்டில். நடுவில் உள்ள ஒன்பது மாதத்துக்குள் அம்மா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அரசு மருத்துவமனையில் ஆபரேஷனும் முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரே வீட்டில் தனியார் காப்பீட்டையும் அரசு மருத்துவத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தாயிற்று. வேறு யாரும் இப்படி அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பாலிசி 2021 ஜனவரியில் எடுத்தது. அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து 3 லட்சம். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று நான் சென்னையில் இருந்தேன். சித்தப்பாதான் ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றிப் பக்கத்து ஊர் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆஞ்சியோ முடிந்து ஸ்டென்டும் வைத்துவிட்டார்கள். அந்த டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார்.

கேஷுவால்டியில் ட்யூட்டி டாக்டர், “பேஷன்டுக்கு சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?” என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா பதற்றத்தில், “இருக்கு டாக்டர், ஒரு பத்து வருஷமா இருக்கும்” என்று சொல்லிவிட்டார். பத்து வருஷமாக சுகர் இருப்பது சித்தப்பாவுக்கு. அப்பாவுக்கு மூன்று வருஷமாகத்தான். அந்தப் பதில் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஏறியது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு பில்லை அனுப்பினார்கள். இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தந்துவிட வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்களுக்குப் பதில் வந்தபோது மாலை மூன்றரை. அதுவும் மறுப்பு. பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள், கேஷ்லெஸ் கிடையாது, அதாவது நிறுவனம் மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டாது. அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. “என்னப்பா, இன்னும் முடியலையா?” என்று கேட்டார். முடியப்போகுது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பில் 2,38,400 ரூபாய். என் சேமிப்பு போக மீதிக்கு அக்காவின் செயினை அடகு வைத்தோம்.

இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர், “பணம் கட்டிட்டுப் போங்க சார், அப்புறமா ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டா வந்துடும்” என்றார். வரவில்லை. அக்டோபரில் அந்தக் கோரிக்கையையும் நிராகரித்து, பாலிசியையே ரத்து செய்து கடிதம் அனுப்பினார்கள். அப்பாவோடு சேர்த்து அம்மாவின் காப்பீடும் போனது. இது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அம்மா ஒரு நாளும் அந்த பாலிசியில் ஒரு ரூபாய் கேட்டதில்லை.

கேஸ் ஷீட்டில் இருப்பது தவறு என்று திருத்தித் தரச் சொல்லி மருத்துவமனையின் ரெக்கார்டு அறைக்கு மூன்று தடவை போனேன். எழுதிய டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டார், ரெக்கார்டில் கை வைக்க முடியாது என்பதே மூன்று தடவையும் பதில். சரி, திருத்த வேண்டாம், யார் சொல்லி எழுதினீர்கள் என்பதையாவது எழுத்தில் தாருங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டல்தான்.

கேஷுவால்டியில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நோயாளியோடு யார் போனாலும் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், தவறில்லை. அடுத்த நாளே கேஸ் ஷீட்டில் என்ன ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் சிகிச்சை செய்யும் டாக்டரிடமே சொன்னால் அவர் திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட முடியும். வீட்டுக்கு வந்த பிறகு யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள்.

அப்புறம்தான் ஆதாரம் தேட ஆரம்பித்தேன். கடைசியில் கைகொடுத்தவை இரண்டுமே அரசு மருத்துவம் தந்த காகிதங்கள்.

முதலாவது, அப்பாவின் சுகர் நோட்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்ட். அந்த நவம்பரில் எங்கள் தெருவுக்கு வந்த தன்னார்வலர் அக்காதான் அப்பாவின் விரலில் குத்திப் பார்த்து, அதிகமாக இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள் என்று சொன்னவர். அங்கே உறுதி செய்து மாத்திரை தொடங்கிய தேதி நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பாலிசி எடுத்துப் பத்து மாதம் கழித்து! இரண்டாவது, 2019-இல் அரசு கண் முகாமில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்த சீட்டு. ஆபரேஷனுக்கு முன் சுகர் பார்த்திருக்கிறார்கள், 104 என்று எழுதியிருக்கிறது. அம்மா அதை ரேஷன் கார்டோடு ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தார்.

சுகாதார நிலைய டாக்டரிடம் கடிதம் வாங்கச் சென்னையிலிருந்து பஸ் ஏறிப் போன முதல் நாள் வீண். அவர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் செய்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த வாரம் அவரே ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்து, முதன்முதலாகக் கண்டறிந்த தேதியைப் போட்டு, முத்திரையோடு கொடுத்தார். பத்து நிமிட வேலை. அதற்கு முன் இருந்த நான்கு மாதத்தில் என் பேச்சை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். நிராகரிப்புக் கடிதத்தில் இருந்த அதே வரிகள் திரும்பி வந்தன. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோதான் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் மனுவை எடுப்பார். மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் அனுமதி இல்லை. 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். டிசம்பரில் ஆன்லைனில் மனு போட்டேன்.

ஜனவரியில் அம்மா விழுந்தார்.

பாலிசி இல்லை, கையில் பணமும் இல்லை. 108-இல் ஏற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பெயர், வயது, எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். பணம் யார் கட்டுவார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்காத ஒரு கவுன்டரின் முன் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்காக எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நாள் வராண்டாவில் ட்ராலியிலேயே கிடந்தார். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப்போகக் கை நீட்டினார்கள், 200 ரூபாய் கொடுத்தேன். பெண்கள் வார்டில் ராத்திரி அக்கா மட்டும்தான் இருக்கலாம் என்பதால் நான் கீழே மரத்தடியில் பெட்ஷீட் விரித்துப் படுத்தேன். ஆபரேஷன் நடந்தது ஒன்பதாம் நாள். இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களை அவ்வளவு நாள் படுக்கப் போடக்கூடாது, படுக்கைப் புண்ணும் சளியும் வந்துவிடும். அதை என்னிடம் சொன்னதே அங்கே மேற்படிப்புப் படிக்கும் பிஜி டாக்டர்தான், வருத்தத்தோடு சொன்னார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்ரேயை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்து எங்கே உடைந்திருக்கிறது, எங்கே கம்பி வரும் என்று அக்காவுக்கு விளக்கியதும் அவர்தான். தியேட்டரும் ஆட்களும் இரண்டு மடங்கு இருந்தால் ஒன்பது நாள் மூன்று நாளாகும். அதற்குத்தான் அரசு செலவழிக்க வேண்டும்.

வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா தம்பி? இல்லைன்னாலும் ஆபரேஷன் நிக்காது. இருந்தா அந்தப் பணம் நம்ம ஆஸ்பத்திரிக்கே வரும்” என்றார். 2009-இல் தொடங்கிய திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. இத்தனை வருஷம் நாங்கள் வாங்காமலே இருந்துவிட்டோம், தனியார் பாலிசி இருக்கிறதே என்ற தைரியம். வருமானச் சான்றிதழில் அம்மாவின் இனிஷியல் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருப்பதுபோல் இல்லை என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு நாள் திருப்பி அனுப்பினார்கள். திருத்தி வாங்கிக்கொண்டு மறுநாள் போனதும் அட்டை எண் கிடைத்தது. உங்களுக்குத் தகுதி இருந்தால் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள், மூன்று காகிதத்திலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு.

பதினேழு நாளில் எங்களுக்கு ஆன செலவு 7,000-க்குள். சாப்பாடு, பஸ், வாக்கர், அந்த 200. மருந்து ஒன்றுகூட வெளியில் எழுதித் தரவில்லை.

மார்ச்சில் ஆம்புட்ஸ்மன் விசாரணை வீடியோவில் நடந்தது. சுகர் நோட்டையும் கண் ஆபரேஷன் சீட்டையும் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். நிறுவனத்தின் தரப்பில் இருந்தவரிடம் கேஸ் ஷீட்டின் அந்த ஒரு வரி தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. பணத்தைக் கொடுக்கவும் பாலிசியைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் உத்தரவானது.

அதிலும் ஒரு வெட்டு விழுந்தது. ஏப்ரலில் வந்தது 1,25,345 ரூபாய்தான். அறை வாடகை வரம்பு நாளுக்கு 3,000, அப்பா இருந்தது 5,500 ரூபாய் அறை. அந்த விகிதத்தில் மொத்த பில்லையும் குறைத்துவிட்டார்கள். பாலிசிப் புத்தகத்தை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். விகிதக் குறைப்பு மருந்துக்கும் ஸ்டென்டுக்கும் பரிசோதனைக்கும் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. பக்க எண்ணைக் குறிப்பிட்டு மெயில் போட்டேன். மூன்று வாரத்தில் இன்னொரு 41,818 வந்தது. உங்கள் பில்லிலும் இப்படிக் குறைத்திருந்தால் விடாதீர்கள், கேளுங்கள். எல்லாம் போக எங்கள் கையிலிருந்து போனது 71,000 ரூபாய் சொச்சம். அக்காவின் செயினை அந்த வாரமே மீட்டோம்.

ஜனவரியில் பாலிசி புதுப்பிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, அந்த 18 சதவீதம் மிச்சம். பாலிசி எடுத்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டால் மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது என்பதால் இந்த ஒரு தடவையாவது கட்டப்போகிறேன். அம்மாவின் எலும்பு ஆபரேஷன் விவரத்தை இப்போதே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டோம் என்ற பதிலையும் வாங்கிவிட்டேன். தன்னார்வலர் அக்கா போன வாரம் வந்து அப்பாவின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு நோட்டையும் மஞ்சள் பையிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.