தொட மாட்டேன்

அந்தத் தாளைத் திருத்தியது நான்தான். "இயற்கையை நீ எப்படி நேசிப்பாய்?" என்ற கேள்விக்குக் கீழே, தொடக்கநிலை 2 படிக்கும் அந்தப் பையன் குண்டு குண்டு எழுத்தில் "தொட மாட்டேன்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சரி போட்டேன். அடுத்த தாளை எடுத்த பிறகுதான் கை நின்றது. அந்தப் பதிலை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தானே.

இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் நன்னெறிப் பாடம் தாய்மொழியில் நடப்பதால் அது தமிழாசிரியர்களான எங்கள் கைக்கு வருகிறது. முதல் நாள் பிள்ளைகளைத் திடல் ஓரத்து மரத்தடிக்கு அழைத்துப் போயிருந்தேன். மரம் நமக்கு என்னென்ன தருகிறது என்று நான் பேசிக்கொண்டிருக்கையில், அவன் பின்னால் குனிந்து எதையோ பொறுக்கினான். ஓடி வந்து உள்ளங்கையை விரித்தான். ஏழெட்டுச் சிவப்பு விதைகள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. குன்றிமணி என்று நினைத்தேன். அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

"கீழ போடு! தொடாதே! போய்க் கை கழுவு!"

அவன் கையை உதறவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தான். "சாரி டீச்சர்" என்றான்.

அது குன்றிமணி இல்லை. குன்றிமணி கொடியில் காய்ப்பது, ஒரு முனையில் கறுப்பு இருக்கும். இவை முழுச் சிவப்பு. கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் முறுக்கிக்கொண்டு தொங்கும் காய்ந்த நெற்றுகள் கண்ணில் பட்டிருக்கும். மஞ்சாடி. மலாய்க்காரர்கள் சாகா என்பார்கள். என் பாட்டி ஒரு மைலோ டின் நிறைய வைத்திருந்தார், பல்லாங்குழி ஆட. "ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி" என்று தட்டாரின் எடைக்கணக்கைச் சொல்வார். டின்னுக்குள் கையை விட்டால் விதைகள் விரலிடுக்கில் குளுகுளுவென்று நழுவும். அந்தக் கை அன்றைக்கு ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை?

பிள்ளைகளுக்கு எட்டு வயது. ஒருவன் வாயில் போட்டுக்கொண்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? தெரியாத விதையைத் தொடாதே என்பது நல்ல புத்திதான். இது சின்னத் தீவு. புக்கிட் தீமா காட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு கிளை ஒடித்தால் என்ன மிஞ்சும்? 2020 முதல் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் நீட்டினாலும் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அதுவும் நியாயமே. தீனிக்குப் பழகிய குரங்கு மனிதர்களைத் தேடி வரும், பிறகு பாடுபடுவது அதுதான். தொடாமல் இருப்பதும் அன்புதான். நான் போட்ட சரி, சரிதான்.

இப்படிச் சொல்லித் தேற்றிக்கொள்வேன். அப்புறம் என் பாடக்குறிப்பைப் புரட்டுவேன். பறிக்காதே. மிதிக்காதே. தீனி போடாதே. குப்பை போடாதே. 'செய்' என்று இருந்தது ஒன்றே ஒன்று: தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்து. அதுவும் குழாய்த் தண்ணீர். 1963இல் அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் சாலைச் சந்திப்பில் மெம்பாட் மரக்கன்று நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்ததை ஆண்டுதோறும் சொல்கிறேன். அவர் மண்ணைத் தொட்டார். என் பிள்ளைகள் மரத்தின் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்.

அவன் அந்த விதைகளை ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தானே, அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அவனிடம் அது ஏற்கெனவே இருந்தது. நான் எதைக் கற்றுக் கொடுக்கப் போனேன்?

அடுத்த வாரம் அதே மரத்தடியில் ஒரு கைப்பிடி பொறுக்கி, கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போய் அவன் மேசையில் அவிழ்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"தொடலாமா டீச்சர்?"

"தொடுப்பா."

ஒரு விதையை ஒற்றை விரலால் மேசை விளிம்புவரை உருட்டி, கீழே விழாமல் பிடித்தான். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கை கழுவணுமா டீச்சர்?"

"ஆமா" என்று என் வாய் முந்திக்கொண்டது.