ஈதரில் 573, மெத்தனாலில் 608

தருமபுரியில் முதுநிலை நுண்ணுயிரியல் படித்தபோது ஒளியைக் கொண்டு வாழும் ஊதா பாக்டீரியாவின் நிறமியான பாக்டீரியோகுளோரோபிலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். இதே வேலையில் இறங்கும் மாணவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாக்டீரியா இராமக்காள் ஏரிக்கரைச் சேற்றிலிருந்து கிடைத்தது. சேற்றை வளர்ப்பு ஊடகத்தில் கலந்து, பாட்டிலில் காற்றுக்கு இடமே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, குண்டு பல்பின் வெளிச்சத்தில் வைத்தோம். வீட்டு எல்.இ.டி. விளக்கு இதற்குச் சரிவராது. இந்த உயிர் அதிகம் நாடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. அந்த விளக்கில் அது ஏறக்குறைய இல்லை. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, முதலிலேயே தேடி வாங்கி வைத்துவிடுங்கள். பாட்டில் மெல்ல மெல்லச் செம்பழுப்பானது.

ஒளி உறிஞ்சலை அளக்கும் எங்கள் ஆய்வகக் கருவி 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். பாக்டீரியோகுளோரோபிலின் முக்கிய முகடோ, அதாவது அது ஒளியை மிகுதியாக உறிஞ்சும் அலைநீளமோ, அதற்கும் அப்பால் இருக்கிறது. அதனால் 1100 வரை அளக்கும் நிறமாலைமானி இருந்த சேலத்துக்கு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி, பஸ்ஸில் தொப்பூர்க் கணவாய் வழியாக எடுத்துப் போனேன். வெளிச்சம் பட்டால் இந்த நிறமி சீக்கிரம் சிதைந்துவிடும்.

முதலில் உயிருள்ள செல்களையே அளந்தோம். செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரைபடக் கோடு சரிந்துகொண்டே போகும். 3.5 மில்லிலிட்டர் செல் கலவையில் 5 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் சிதறல் அடங்கிவிடும். கரைத்ததும் கலங்கல் தெளிந்து, குழாய்க்குப் பின்னால் இருந்த எழுத்து தெரிந்தது. 800-இலும் 850-இலும் இரண்டு முகடுகள் எழுந்து நின்றன.

பிறகு அசிட்டோனும் மெத்தனாலும் 7:2 விகிதத்தில் சேர்த்து, இருட்டில் நிறமியைப் பிரித்தெடுத்தோம். அந்த இரட்டை முகடுகள் மறைந்து, 770-ஐ ஒட்டி ஒன்றே ஒன்று நின்றது. செல்லுக்குள் புரதம் பிடித்து வைத்திருக்கும் நிறமிகள் ஒன்றையொன்று பாதிப்பதால்தான் அங்கே அலைநீளம் அவ்வளவு தூரம் நீள்கிறது. கரைப்பான் அந்தக் கட்டுக்கோப்பைக் கலைத்து, நிறமியைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது.

என் மனம் ஒட்டிக்கொண்டது இன்னொரு சிறிய முகட்டில். பல கட்டுரைகள் அதற்கு வெவ்வேறு எண்களைத் தந்திருந்தன. எது சரி என்று கேட்டபோது, "ஈதரிலும் போட்டுப் பாரம்மா, அப்புறம் பேசலாம்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. கரைசலை நைட்ரஜன் வாயுவால் உலர்த்தி ஈதரில் கரைத்தேன். முகடு 573 அருகே வந்தது. மெத்தனாலில் அதுவே 608. காரணம் நிறமியின் நடுவிலிருக்கும் மெக்னீசியம். அதைச் சுற்றியுள்ள நான்கு நைட்ரஜன்களோடு, ஈதரில் கரைப்பான் மூலக்கூறு ஒன்று மட்டும் ஒட்டுகிறது; மெத்தனாலில் இரண்டு, மேலொன்று கீழொன்று. மெக்னீசியத்தோடு ஒட்டியவை ஐந்திலிருந்து ஆறாகும்போது முகடு சிவப்புப் பக்கம் தாவுகிறது. 770-இன் முகடு அந்த அளவுக்கு அசையவில்லை. இதைத் திரையில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

ஈதரில் சிறிது மெத்தனால் தங்கிவிட்டாலும் 605 பக்கம் ஒரு தோள், அதாவது முகட்டை ஒட்டிய சிறு புடைப்பு, எழும். ஆகவே உலர்த்துவதை ஒருமுறையோடு விடாதீர்கள். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்ததுமே ஆவியாகத் தொடங்கிவிடும், எளிதில் தீயும் பிடிக்கும். விடியற்காலையில், ஐஸ் மேல் குழாயை வைத்துத்தான் வேலை செய்தேன். இன்னொரு கரைப்பானான குளோரோபார்ம் பழையதாக இருந்ததால் அதைத் தொடவே இல்லை. அதில் அமிலம் உருவாகியிருக்கும். அது மெக்னீசியத்தைப் பிடுங்கிவிடும். அளக்கும்போது கரைசலை ஊற்றும் சிறு குப்பியான க்யூவெட் கண்ணாடியாகவோ குவார்ட்ஸாகவோ இருக்கட்டும், பிளாஸ்டிக்கை அசிட்டோன் அரித்துவிடும்.

மெக்னீசியம்தான் காரணம் என்பதை நாங்களே உறுதி செய்ய விரும்பினோம். நிறமியில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு மெக்னீசியத்தை வெளியேற்றினோம். சிறிய முகடு 525-க்கு வந்தது, பெரியது 750-ஐ ஒட்டி நின்றது. மெக்னீசியம் இழந்த இந்த நிறமியை, அதாவது பாக்டீரியோபியோபைட்டினை, உலர்த்தி ஈதரிலும் மெத்தனாலிலும் கரைத்து அளந்தபோது, அந்த 525 பெரிதாக நகரவில்லை.