ஈ உட்கார்ந்தால் கண்டுபிடிக்கும் ரப்பர்

செயற்கைத் தோல் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெனான் பாவ் பெயர் வந்துவிடுகிறது. நம் தோலைப் போல வளைந்து, தொடுதலை உணரும் மின்னணுப் பொருட்கள்தான் அவருடைய வேலை.

கட்டியான ரப்பர் படலத்தை வைத்து அழுத்தத்தை அளப்பதில் ஒரு சிக்கல். அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். 2010-இல் அவர் குழு ரப்பரில் சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள குட்டிக் குட்டி பிரமிடுகளை வார்த்தது. நடுவே வெறும் காற்று. அழுத்தினால் நுனி நசுங்கும், மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் திறன்) மாறும், அதை வைத்து அழுத்தத்தை அளக்கலாம், விட்டதும் டக்கென்று எழுந்துவிடும். 20 மில்லிகிராம் ஈ ஒன்று வந்து உட்கார்ந்ததையே பதிவு செய்தது! பொருளை மாற்றவில்லை, வடிவத்தை மட்டும்தான் மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் 2012-இல், வெட்டினாலும் தானே ஒட்டிக்கொள்ளும் பொருள். பாலிமருக்குள் (பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நீண்ட மூலக்கூறுப் பொருள்) நிக்கல் துகள்கள், அவற்றின் மேற்பரப்பில் நானோ அளவு முட்கள். மின்சாரமும் கடத்தும், அழுத்தத்தையும் உணரும்.

2023-இல் எலியின் மூளை வரைக்கும் போய்விட்டார்கள். மென்மையான செயற்கைத் தோலை அழுத்தினால் அந்தத் தகவல் மூளைக்குப் போகிறது, எலியின் கால் துடிக்கிறது. இவ்வளவுக்கும் தேவைப்பட்டது 5 வோல்ட்தான். செல்போன் சார்ஜருக்கும் பழைய கணக்கு அதுதானே!

பாலிமர் படிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், அந்தப் பிரமிடு அச்சை எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதுங்களேன்.