19-ஆம் எண் செட்: பெட்டிக்கு முன்னால் கேபிள்

இரண்டாம் உலகப் போர்க் கால ராணுவ வயர்லெஸ் சேகரிப்பவர்களிடம் அதிகம் கைமாறும் பெட்டிகளில் ஒன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் 19-ஆம் எண் செட். டாங்கிக்காக கேம்பிரிட்ஜின் ‘பை’ கம்பெனி வடிவமைத்தது. பிறகு கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமாகத் தயாரானது. முன்தட்டில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருந்தால், அது சோவியத் படைக்கு அனுப்பச் செய்த வகை. பெட்டி ஒன்று, உள்ளே வேலை மூன்று: 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை பேச ‘ஏ’ செட், 235 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கிட்டத்துப் பேச்சுக்கு ‘பி’ செட், டாங்கிக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேச இன்டர்காம். மொத்தம் 15 வால்வு.

செட் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, பெட்டியைத் திறந்து கண்டென்சர் பட்டியல் போடுவது. அது பின்னால் வரும் வேலை. 19-ஆம் எண் என்பது தனிப் பெட்டி அல்ல. சப்ளை யூனிட், வேரியோமீட்டர் (ஏரியலைச் செட்டோடு பொருத்தும் சுருள் பெட்டி), கன்ட்ரோல் யூனிட், ஹெட்செட், மோர்ஸ் கீ, இவற்றை இணைக்கும் 6 முனை, 12 முனை கேபிள்கள் எல்லாம் சேர்ந்துதான் செட். ‘செத்துப்போன செட்’ என்று விலை குறைத்து விற்கப்படுவதில் பல, கேபிள் ரப்பரில்தான் செத்திருக்கும். அதனால் தொடக்கம் அங்கே.

6 முனைக் கேபிள் மின்சாரத்தைக் கொண்டுபோகிறது: 12 வோல்ட், 275 வோல்ட், 500 வோல்ட். 12 முனைக் கேபிள் ஒலியையும் கட்டுப்பாட்டையும். எண்பது வருட ரப்பர் வெளியே முழுசாகத் தெரியும்; வளைத்தால் உள்ளே பொரி போல உதிரும். இரண்டு முனையையும் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஊசிக்கும் மறுமுனைக்கும் தொடர்ச்சி பாருங்கள். பிறகு ஊசிக்கு ஊசி, ஊசிக்கு உலோக உறை என்று 500 வோல்ட் மெக்கரில் (காப்பை அளக்கும் கருவி) காப்பு பாருங்கள். 20 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்தக் கேபிளை நம்ப வேண்டாம். மெக்கரைச் செட்டோடு இணைத்து ஒருபோதும் சுழற்றாதீர்கள்.

12 வோல்ட் கம்பியில் தொடர்ச்சி இருந்தால் மட்டும் போதாது. சப்ளை யூனிட்டில் 12 வோல்ட்டை உயர் வோல்ட்டாக்கும் டைனமோட்டர் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்குப் போகும்; வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போய்விடும். வால்வுகளின் இழை மங்கும், டைனமோட்டர் மெதுவாகும், 500 வோல்ட் 440 ஆகும், பழி மட்டும் டிரான்ஸ்மிட்டரின் 807 வால்வு மேல் விழும். மாற்றும்போது 12 வோல்ட் வழிக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, 500 வோல்ட் வழிக்கு 1000 வோல்ட் தாங்கும் சிலிக்கான் அல்லது டெஃப்ளான் உறைக் கம்பி. பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள், மாற்று கிடைப்பது கடினம். கம்பியைப் பற்றவைப்பிலிருந்து எடுக்கும் முன் எந்த ஊசியில் எது என்று காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். கம்பி நிறத்தை நம்ப வேண்டாம். முன்பே யாராவது மாற்றியிருக்கலாம், அவர் கையில் கிடைத்த நிறத்தில். புதுக் கம்பிகள் மேல் கறுப்புப் பருத்திப் பின்னல் போட்டுவிட்டால் பார்வைக்கும் பழையதாகவே இருக்கும்.

அடுத்தது சப்ளை யூனிட். டைனமோட்டர் என்பது ஒரே தண்டில் மோட்டாரும் ஜெனரேட்டரும். கையால் சுழற்றிப் பாருங்கள். பசை போல இழுத்தால் கிரீஸ் கெட்டியாகிவிட்டது. கரகரத்தால் பேரிங் போய்விட்டது. பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, முழுக்கக் காயவிட்டு, லித்தியம் கிரீஸ் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வையுங்கள். நிறைய வைத்தால் சூட்டில் உருகி கம்யூட்டேட்டர் மேல் வழியும், கரித்தூளோடு சேர்ந்து குழம்பாகும், உயர் மின்னழுத்தம் அதன் வழியே தரைக்குப் போகும். கார்பன் பிரஷ்களை எடுக்கும்போது எந்தத் துளையில் எது, எந்தப் பக்கம் மேலே என்று குறியிடுங்கள். அவை தேய்ந்து தேய்ந்து அந்த வளைவுக்கே பழகியவை. திருப்பிப் போட்டால் பொறி பறக்கும்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் கண்ணாடித்தூள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாள் (கிளாஸ் பேப்பர்) போதும். உப்புத்தாள் என்று கடையில் கேட்டால் சில சமயம் எமரித்தாளைக் கொடுப்பார்கள், அது கூடாது. அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு குறுக்குத் தடமாகும். தேய்த்த பிறகு பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா செம்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். முதல் ஓட்டம் 6 வோல்ட்டில், செட் இணைக்காமல், ஐந்து நிமிடம். பிறகு 12 வோல்ட். பொறி சற்றே நீலமாக இருந்தால் சரி. வட்டமாகச் சுற்றினால் நிறுத்துங்கள்.

2-ஆம் எண் சப்ளை யூனிட்டாக இருந்தால் வைப்ரேட்டரும் (12 வோல்ட்டை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும் அதிர்வு சுவிட்சு) இருக்கும். அதைச் சோதிக்கும் முன்பே டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தில் இருக்கும் பஃபர் கண்டென்சரை மாற்றிவிடுங்கள். அதே மதிப்பு, 1600 வோல்ட், பாலிப்ரொப்பிலீன். மதிப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் வைப்ரேட்டர் முனைகள் கருகும். அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆனால் வைப்ரேட்டரோடு டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும், டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கிடையாது. டைனமோட்டர் சத்தம் வீட்டில் ஒத்துவராதவர்கள் கரண்ட்டில் ஓடும் தனி சப்ளை கட்டிக்கொள்ளலாம்: 12 வோல்ட் 5 ஆம்பியர், 275 வோல்ட் 110 மில்லிஆம்பியர், 500 வோல்ட் 50 மில்லிஆம்பியர். பழைய யூனிட்டின் உள்ளுறுப்பைப் பிடுங்கி அதற்குள்ளேயே இதைக் கட்டுவதுதான் பொறுக்க முடியாத வேலை. தனிப் பெட்டியில் கட்டுங்கள்.

ஹெட்செட்டில் ஒரு விஷயம் பலர் தவறவிடுவது. இதன் மைக் மூவிங் காயில் வகை, கார்பன் அல்ல. ராணுவ மைக் எல்லாம் ஒன்றுதானே என்று கார்பன் மைக்கை மாட்டினால் அதற்கு வேண்டிய மின்னோட்டம் செட்டிலிருந்து வராது, ஒலியும் போகாது. பிறகு மாடுலேஷன் பகுதியைப் பிரித்து மேய்வார்கள். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மைக்கைத் தொட்டால் லேசான ‘டிக்’ கேட்க வேண்டும். காதுக் குமிழிலும் அப்படியே. மைக் மேல் உள்ள அழுத்துசுவிட்சு முனைகளைக் கெட்டித் தாளை ஐசோபுரோப்பைலில் நனைத்து இழுத்தால் போதும், அரம் வேண்டாம். தொடையில் கட்டும் கீயின் முனைகளுக்கும் அதே வைத்தியம். இடைவெளி ஒரு தபால் அட்டை கனம்.

இப்போது பெட்டி.

உள்ளே வெள்ளை அல்லது மஞ்சள் பொடி படிந்திருந்தால் சுரண்ட வேண்டாம். அந்தக் காலச் சட்டங்களிலும் திருகுகளிலும் காட்மியம் பூச்சு சாதாரணம், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். முகக்கவசம், கையுறை, ஈரத் துணி. மணல்தாள் கிட்டவே வரக்கூடாது. மேல் பெயின்ட்டையும் விட்டுவிடுங்கள். அடித்த புதுப் பச்சையைச் சுரண்டிப் பழையதை மீட்க முடியாது.

சிவப்பும் நீலமும் குறியிட்ட ‘ஃபிளிக்’ பூட்டுகள் டியூனிங் டயலில் இருக்கும்; முன்பே குறித்துவைத்த இரண்டு அலைவரிசைக்கு ஒரே தட்டில் தாவ. கிரீஸ் இறுகி டயல் நகராவிட்டால் பலம் காட்டாதீர்கள். துளித் துளியாக ஐசோபுரோப்பைல் விட்டு ஒரு நாள் விடுங்கள். எழுத்துகள் மேல் படாமல்.

காகிதக் கண்டென்சர்கள் எல்லாமே ஈரம் குடித்தவை. 0.1 மைக்ரோஃபாரட் எனப் போட்டிருப்பதைக் கெபாசிட்டன்ஸ் மீட்டர் 0.13 என்று காட்டி நல்லதுபோல நடிக்கும். அந்த மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். கசிவு தெரிவது 250 வோல்ட்டில்தான். முதலில் மாற்ற வேண்டியது, ஒரு வால்வின் ஆனோடிலிருந்து அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர். கிரிட்டில் 10 மெகாஓம் மீட்டர் வைத்து 0.2 வோல்ட் பாசிட்டிவ் கண்டாலும் அது போய்விட்டது. அடுத்து ஸ்கிரீன் பைபாஸ், ஒலியளவைத் தானே சீராக்கும் ஏவிசி வழி. எல்லாவற்றுக்கும் 630 வோல்ட் பாலியஸ்டர். சென்னை ரிச்சி தெருவில் கை நிறையக் கிடைக்கும். பழைய கூட்டைச் சூடாக்கிக் காலி செய்து அதற்குள் புதியதை வைத்து மெழுகால் மூடலாம். மைக்கா கண்டென்சரைக் கை வைக்காமல் விடுங்கள், பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கார்பன் ரெசிஸ்டர் வயதானால் மதிப்பு ஏறும். 20 சதவீதத்துக்கு மேல் போனதை மட்டும் மாற்றுங்கள். முன்தட்டு மீட்டருக்குப் பின்னால் இருக்கும் பெருக்கி ரெசிஸ்டர்களை மறக்காதீர்கள்: அவை ஏறியிருந்தால் 275 வோல்ட் 230 என்று காட்டும், இல்லாத குறையைத் தேடி ஒரு வாரம் போகும். மல்ட்டிமீட்டரோடு ஒப்பிட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை.

மின்சாரம் கொடுக்கும்போது முதலில் 12 வோல்ட் மட்டும். இழைகள் 6.3 வோல்ட், இரண்டிரண்டாகத் தொடரில் போட்டவை. அதனால் ஒன்று எரியவில்லை என்றால் ஜோடியையும் பாருங்கள். ஓடும்போது எந்த வால்வையும் பிடுங்காதீர்கள், ஜோடிகளின் சமநிலை குலையும். பிறகு 275 வோல்ட் வழியில் 100 வோல்ட்டில் தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 50 ஏற்றுங்கள், வழியில் மில்லிஆம்பியர் மீட்டரும் 150 மில்லிஆம்பியர் ஃபியூஸும். பாதி வோல்ட்டிலேயே 100 மில்லிஆம்பியரைத் தாண்டினால் எங்கோ ஷார்ட்.

500 வோல்ட் கடைசி. 6கே7ஜி, 6கே8ஜி வால்வுகளின் தலையில் இருப்பது கிரிட், தொட்டால் உறுமும், அவ்வளவுதான். 807 தலையில் இருப்பது ஆனோட், 500 வோல்ட். பார்க்க ஒரே மாதிரித் தொப்பி. அணைத்த பிறகும் 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வடியவிடுங்கள். ஒரு கை சட்டைப்பையில்.

ஒத்திசைவு 465 கிலோஹெர்ட்ஸில், அதுதான் ரிசீவரின் இடை அலைவரிசை (ஐஎஃப்). இந்தச் செட்டின் அழகு இங்கேதான்: ரிசீவரின் ஆசிலேட்டரையும் 465 கிலோஹெர்ட்ஸ் பீட் ஆசிலேட்டரையும் கலந்துதான் டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையைப் பெறுகிறது. எதிராளியை எங்கே கேட்கிறீர்களோ அங்கேயே உங்கள் குரலும் போகும். இதன் மறுபக்கம், ஐஎஃப் 465-லிருந்து தள்ளிப் போயிருந்தால் நன்றாகக் கேட்கும், ஆனால் பதில் வராது. அதனால் சிக்னல் ஜெனரேட்டரின் எண்ணைச் சரிபார்த்த பிறகே திருகில் கை வையுங்கள். பிளாஸ்டிக் திருப்புளி, கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மெழுகில் ஒட்டிய சுருள் கோர் உடைந்தால் டிரான்ஸ்ஃபார்மரையே கழற்ற வேண்டிவரும்.

‘பி’ செட்டைத் துடைத்து வைத்துவிட்டு இயக்காமல் விடுங்கள். 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் இன்று ராணுவ விமானப் பேச்சு நடக்கும் இடம், அதன் சூப்பர்ரீஜெனரேட்டிவ் ரிசீவர் கேட்கும்போதே வெளியே கதிர்வீசும். ‘ஏ’ செட்டில் பேச அமெச்சூர் உரிமம் வேண்டும், 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை இதன் மேல் பட்டையில் அடங்கும்.

ஏரியலோ அதற்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரோ (டம்மி லோட்) இல்லாமல் அனுப்பினால் 807 ஆனோட் சிவக்கும். வேரியோமீட்டர் இடையில் இருக்கும்போது மீட்டரை ‘ஏஇ’ (ஏரியல்) நிலையில் வைத்து முள் உச்சம் வரும்வரை சுற்றுங்கள். முள் அசையவே இல்லை, ஆனால் பக்கத்து ரிசீவரில் கேட்கிறது என்றால் டிரான்ஸ்மிட்டரைத் தொடாதீர்கள். ஏரியல் மின்னோட்டத்தை அளந்து கோஆக்சியல் வழியே மீட்டருக்கு அனுப்பும் சின்ன ரெக்டிஃபையர் வேரியோமீட்டருக்குள் இருக்கிறது, அது போயிருக்கும். ஒரு ஜெர்மேனியம் டையோடைப் பழைய தகடுகளுக்குப் பின்னால் ஒளித்துப் பற்றவைத்துப் பாருங்கள். முள் இடதுபக்கம் முட்டினால் டையோடைத் திருப்பிப் போடுங்கள்.