உகந்தைக்கு முன்னே ஒரு குதிகால்

மே 4

கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததுமே இடது குதிகாலுக்கு மேலே பழைய நோ. குசினி வரை நொண்டி நடந்து தேத்தண்ணி வைத்தேன். ஊற்றிக் குடிப்பதற்குள் அது இளகிவிட்டது. கெண்டைத் தசையைக் குதி எலும்போடு கட்டும் நாண் நோவின் குணம் அப்படித்தான். விடியலில் விறைக்கும், நடக்க நடக்க விடும். விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

பள்ளியில் வலைப்பந்து ஆடிய காலத்தில் முதலில் சுளுக்கியதும் இந்தக் கால்தான். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் திரும்பவும் சுளுக்கும். எலும்பை எலும்போடு கட்டும் கட்டுநார் இழுபடுவதோடு, கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிப் போகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகும் நான் ஆட்டத்தை விடவில்லை. அதுவும் என்னை விடவில்லை.

வருடத்தில் சில நாள் மட்டும் திறக்கும் காட்டுப்பாதை திறந்ததும் மாமியோடு உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடப்பதாகப் பேச்சு.

மே 9

மாமியின் சொல்லுக்காக நாட்டு வைத்தியரான பரியாரியிடம் போனேன். நோவெண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டார். அன்றிரவு நல்ல நித்திரை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். "புள்ள, மூணு கிழமைக்குக் கால அசைக்காம வெச்சிரு, மறுகா பாப்பம்" என்றார். அந்த மூன்று கிழமையில்தான் எனக்குச் சந்தேகம்.

மே 12

கிளினிக்கில் பயிற்சி தந்து குணமாக்கும் பிசியோ இதற்கு நேர்மாறாகச் சொன்னார். "அசைக்காம மட்டும் விட்டுராதீங்க மிஸ்."

ஓய்வில் நோ குறையும், ஆனால் நாணின் பலமும் சேர்ந்தே குறையும். நோ போய்விட்டதென்று பழையபடி ஓடப் போனால், பலமிழந்த நாணில் பழைய பாரம் ஏறுகிறது. மறுபடி நோ, மறுபடி ஓய்வு. என் வருடங்கள் இந்த வட்டத்தில்தான் போயிருக்கின்றன.

அவர் தந்த பயிற்சி, 1998இல் சுவீடனில் அல்பிரட்சன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் வெளியிட்டது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதியை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 தரம் மூன்று சுற்று, மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 கிழமை. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 180. மேலே ஏறும்போது மற்றக் காலால் ஏற வேண்டும்.

தொடங்குமுன் நோ எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். குதி எலும்பில் நாண் ஒட்டும் இடத்தில் நோ இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாதாம், தரைமட்டத்தோடு நிறுத்த வேண்டுமாம். எனக்கு அதற்கு மேலே, ஆகவே இறக்கலாம்.

பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை நோ வரலாம். ஆனால் மறுநாள் காலை அது முந்தின காலையை விடக் கூடியிருக்கக் கூடாது. ஆக, விடியற்காலையின் முதல் அடிதான் இனி எனக்கு மீற்றர்.

12 கிழமையைக் கலண்டரில் எண்ணினால் ஓகஸ்ட் வருகிறது. பாதை அதற்கு முன்பே திறந்து மூடிவிடும்.

மே 27

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் நடக்க மணல் விடுவதில்லை. குதி புதைந்து நாண் கூடுதலாக இழுபடுகிறது. பழைய பாலத்துக்கு மாறினேன். வாவிக் காற்றும் நல்லது, தரையும் கெட்டி.

ஜூன் 3

இன்று நோவே இல்லை. எனக்கு இப்படியான நாட்கள்தான் பயம்.

இடைவேளையில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். "நல்லாத்தானே நடக்கிறீங்க மிஸ்?" என்று ஒரு பார்வை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத நோவுக்கு இதுதான் கதி. கையில் கட்டுப் போட்டிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் தனி வகையாகவே சேர்த்துவிட்டது, 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஆசிரியர் அறைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஜூன் 15

வீட்டு வாசலில், கல்லும் இல்லை குழியும் இல்லை, கணுக்கால் மடங்கியது. வீக்கம் சிறிதுதான். ஊன்றி நாலு அடி வைக்க முடிந்தது, எலும்பை அழுத்தினாலும் நோகவில்லை, அதனால் எக்ஸ்ரேக்கு ஓடவில்லை. துணி சுற்றிவிட்டு மறுநாளே மெதுவாக நடந்தேன். பல் தீட்டும்போது ஒற்றைக்காலில் நிற்பதைத் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். மழுங்கிய உணர்வைத் தீட்ட அதைவிட மலிவான வழி இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசை தந்தார். வாங்கி வைத்தேன், போடவில்லை. அது வயிற்றுக்கு ஆகாது, எனக்கு ஏற்கெனவே அங்கே புண் இருக்கிறது. பனடோல் போதும், அதுவும் ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது.

ஜூன் 22

செருப்புச் சண்டை.

மாமியின் நேர்த்தி வெறுங்கால் நடை. எனக்கோ குதி உயர்ந்த பாதணி இருந்தால்தான் நாண் தளர்ந்து நிற்கிறது. மாமிக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் பேச்சுக் குறைந்தது. கடைசியில் உகந்தையில் மலையடியிலிருந்து புறப்படும்போதும் கதிர்காமத்துக்குள் கால் வைக்கும்போதும் வெறுங்கால், நடுவில் என் இஷ்டம் என்று முடிவாயிற்று. மாமி இன்னும் முழுதாகச் சிரிக்கவில்லை.

ஜூன் 26

காலை நோ பத்துக்கு இரண்டு. சுகம் என்று சொல்ல முடியாது. பயிற்சியும் பாதியில்தான் நிற்கிறது. ஆனாலும் போகிறேன்.

குழுவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். குமுக்கன் ஆறு வரை வாகனம் வரும். அங்கே தங்கி எழும்பும் காலையில் முதல் அடியைப் பார்ப்பேன். நோ நாலுக்கு மேல் என்றால் திரும்பி பாணமை ஊருக்கு வந்துவிடுவேன், ஆற்றுக்கு அப்பாலுள்ள நாவலடிப் பக்கம் போக மாட்டேன். ஆற்றைத் தாண்டினால் யால காடு, நொண்டுகிறவளை நாலு பேர் தூக்க வேண்டி வரும். "அப்ப நான் தனியாப் போறன்" என்றார் மாமி. போகட்டும், அவருக்கு அறுபத்தேழு வயது, என்னைவிட நல்ல கால்.

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் பொதி கட்டியாயிற்று. என் பங்குப் பாரத்தைப் பாதியாக்கி மருமகனின் பையில் வைத்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் தெரியாது.